ஜன்னலின் பிறந்த வீட்டார்

வேம்புத்துறை மாதா கோயிலில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், வள்ளங்களெல்லாம் கரையேறி, மீனெல்லாம் விலைபோய், நாய்கள்கூட நிழல் பார்த்துப் படுத்துவிட்ட பதினோரு மணி வாக்கில், ஜன்னல் என்கிற சொல்லைப் பெற்ற அம்மா படகில் வந்து இறங்கினாள். கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை, தலையில் கறுப்பு முக்காடு, கையில் ஒரு பிரம்புக் கூடை. அவளுக்குப் பின்னால் இரண்டு மாலுமிகள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். நாற்காலியில் இன்னொரு கிழவி இருந்தாள், வயசு என்ன இருக்கும் என்று கேட்கக் கூச்சமாக இருக்கும், அத்தனை வயசு. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"நான் ஜனேலா. உங்கள் ஜன்னலுடைய தாயார்," என்றாள் வந்தவள், பழைய ஜெபப் புத்தகத் தமிழில். "இவர்கள் யானுவா அம்மாள். எங்கள் வம்சத்துக்கே மூத்தவர்கள். எங்கள் பெண்ணைக் கண்டு கூட்டிப்போக வந்திருக்கிறோம்."

யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? வாக்கப்பட்டு வந்த பெண்ணை நானூறு ஐந்நூறு வருஷமாக எட்டிப் பார்க்காத பிறந்த வீட்டார் இன்றைக்காவது வந்தார்களே என்றுதான் நினைத்தார்கள். நாலு பேர் நாற்காலி கொண்டுவர ஓடினார்கள், இரண்டு பேர் கலர் வாங்க ஓடினார்கள். வெயிலில் வந்திருக்கிறாளே என்று ஒருத்தி முந்தானையால் விசிறியே விட்டாள். ஊர்த்தலைவர் கஸ்பார் மோத்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, பயணமெல்லாம் சுகமா, கடல் எப்படி இருந்தது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

தப்பு என்றும் சொல்ல முடியாது, மரியாதை. இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றால், மாமியார் வீடு முதலில் "உங்க பிள்ளைதானே, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும். அதற்கு வந்தவர்கள், "இருக்கட்டும், இருக்கட்டும், பாத்தது போதும், அவ இங்கேயே நல்லா இருக்கட்டும்" என்று சொல்லவேண்டும். பிறகு எல்லாரும் சாப்பிடுவார்கள். காலங்காலமாக நடப்பது இதுதான். முதல் வார்த்தையைக் கஸ்பார் மோத்தா நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். இரண்டாம் வார்த்தை ஜனேலாவுக்குத் தெரியவில்லை.

"மெத்தச் சந்தோஷம்," என்றாள் அவள். "கூட்டிப்போகிறோம்."

கலர் பாட்டில் கஸ்பாரின் கையிலேயே நின்றுவிட்டது. கொடுத்த வார்த்தையை வாங்கிக்கொள்ள முடியுமா? அதுவும் மாதா திருவிழா நேரத்தில்? அவர் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, திருவிழா முடியுமட்டும், கொடியிறக்கும்வரை பத்து நாள் தங்கி, எங்கள் கையால் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். ஜனேலா சரி என்று தலையாட்டினாள்.

பங்குச்சாமியார் வீட்டுக் குசினியில் சமைக்கிற மிக்கேலம்மா, மீன் வாங்க வந்தவள், இதையெல்லாம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். இடுப்பில் கூடை, கூடையில் ரெண்டு ஊளி மீன். ஊரில் எல்லாருக்கும் ஆயிரம் சொல் இருந்தது, பத்தாயிரம் சொல் இருந்தது. ஒன்று போனால் முழுகிவிடாது. மிக்கேலம்மாவின் மகள் சலேத்துக்கு இருந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் ஜன்னல்.

சலேத்துக்கு ஆறு வயசு. மூணு வயசு வரை ஒரு சத்தமும் இல்லை. பாளையங்கோட்டைப் பெரிய டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, பேசினால் பேசும் என்றார். அதைச் சொல்ல அவர் எதற்கு? ஒரு ஐப்பசி மாசம், மூன்று நாள் அடைமழை விட்ட காலையில், மிக்கேலம்மா உப்பேறி இறுகிப்போன பலகைக் கதவுகளைத் தட்டித் திறந்து, வெயிலைக் காட்டி, "இது ஜன்னல் மக்கா" என்று சும்மா சொன்னாள். பிள்ளை வெயிலைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, "ஜன்னல்" என்றது. அன்றைக்குத் தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தாள் மிக்கேலம்மா.

அதற்குப் பிறகு வேறு சொல்லே வரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. சட்டென்று வெட்டிச் சொன்னால் தண்ணி. கடைசியை இழுத்தால் தூக்கம். மெல்ல இரண்டு தடவை சொன்னால் பயமாயிருக்கு, பக்கத்தில் வா. முன்பாதியை நீட்டிப் பின்பாதியை விழுங்கினால், இவ்வளவு நேரம் எங்கே போனே என்று அர்த்தம். இப்படிப் பதினொரு ஜன்னல் மிக்கேலம்மாவுக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்க்கிற அவள் புருஷன் ரெமிஜியுஸ் ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடும்போது, பிள்ளை "ஜன்னல்" என்னும், அவன் எந்தக் கடலிலிருந்தோ "அப்பாவும் சாப்பிட்டுட்டேன் மக்கா" என்பான். ஒருதரம் குழாயடியில் ஒருத்தி, "உன் ஊமைப் பிள்ளை" என்று வாயெடுத்தாள். மிக்கேலம்மா குடத்தோடு அவள் மேல் பாய்ந்தாள், பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை அதன்பின் ஊரில் யாரும் அவள் காதுபடச் சொன்னதில்லை.

விருந்தாளிகள் தங்கியது பங்குச்சாமியார் வீட்டு மாடியில். அவர்களுக்குச் சமைக்கவேண்டியவள் யார்? மிக்கேலம்மாதான். விதி அப்படி.

திருவிழா ஊரில் இரட்டை வேலை ஆகிவிட்டது. காலையில் பூசை, சாயங்காலம் ஜெபமாலை, நடுவில் ஜன்னல் வீட்டுச் சம்பந்திகளைப் பார்க்கப் போவது. பெண்கள் பலகாரத் தட்டோடு மாடியேறி, வம்சம் விசாரித்தார்கள். ஜனேலா சலிக்காமல் சொன்னாள்: எல்லாருக்கும் மேலே யானுவா அம்மாள்; ரோமாபுரிக்காரர்கள் வீட்டில் வாசற்கதவு என்று அவளுக்குப் பொருள்; அந்தக் கதவுக்குப் பிறந்தவளைச் சின்னக்கதவு என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள், செல்லப்பேர் வாயில் உருண்டு உருண்டு தேய்ந்து, போர்த்துக்கல் தேசத்தில் ஜனேலா ஆனது; ஜனேலா பெற்ற பெண் கப்பலேறி வந்து இந்தக் கரையில் ஜன்னல் ஆனாள். கதவு வயிற்றுப் பிள்ளையா நம்ம ஜன்னல் என்று பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்தப் பெரியவளோட பாஷையே செத்துப்போய் ரொம்பக் காலமாச்சாமே, அவகிட்ட யாரும் சொல்லலை போல என்று படியிறங்கும்போது கிசுகிசுத்தார்கள்.

யானுவா அம்மாளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. தன் பேரைத் தவிர வேறொன்றும் நாக்கில் இல்லை. பசித்தாலும் யானுவா, குளிர்ந்தாலும் யானுவா. வயசான சூசை உபதேசியார் அதைக் கேட்டவுடனே முழந்தாளிட்டுவிட்டார். சின்ன வயசில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவர். "இவங்க நமக்குப் புதுசு இல்லவே! மாதாவைப் பரலோகத்தின் வாசலேன்னு தினமும் கூப்பிடுதோமே, அந்த வாசல் இவங்கதான். அந்தக் காலத்தில இதே பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம்," என்றார். அதற்குப் பிறகு மாடியில் மெழுகுவர்த்தி குவிந்தது.

மிக்கேலம்மா மட்டும் கிழவியின் வாயைப் பார்த்து நின்றாள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிற வாய். சோற்றை மசித்து ஊட்டும்போது, "யானுவா" என்று கிழவி சொன்ன தினுசிலிருந்தே, இது உறைப்பு, இது போதும், இது தண்ணி என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஜனேலா அதைக் கவனித்தாள்.

"எங்களில் ஒருவருக்கும் விளங்காது. உனக்கு எப்படி?" என்று கேட்டாள்.

"சும்மா, பழக்கம்தாம்மா," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு கீழே ஓடினாள் மிக்கேலம்மா. ஓடின வேகத்தில் ரசம் படியெல்லாம் சிந்தியது.

நல்ல பேச்சும் நடக்காமல் இல்லை. மீன்காரி எலிசம்மா ஒருநாள் நேரே கேட்டாள்: "நீங்க உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போறீங்க. நாங்க உங்க வீட்டுக்குக் கொடுத்த பிள்ளைங்களும் இருக்குமே, அதுகளையும் திருப்பி அனுப்புவீகளா?"

ஜனேலா முகம் மலர்ந்தாள். "உங்கள் மாங்காய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மாங்கா என்றுதான் கூப்பிடுகிறோம். ராணிபோல வைத்திருக்கிறோம். கஞ்சியும் எங்களோடுதான். யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் கஞ்சியைத்தான் கூப்பிடுவோம், கோழி போட்டு."

"கஞ்சிக்குக் கோழியா!" என்று பெண்கள் சிரித்தார்கள். "நம்ம கஞ்சி வாழ்ந்துட்டாளே! இங்க உப்புக்கும் துவையலுக்கும் கிடந்தவ!" சிரித்த சிரிப்பில் கேட்ட கேள்வி போன இடம் தெரியவில்லை. நல்லாயிருக்கிற பிள்ளைகளை யாராவது திருப்பிக் கூப்பிடுவார்களா?

ஊரில் ஒருவருக்கு மட்டும் இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், ஞானஸ்நானப் பேர் இன்னாசிமுத்து, அதில் இன்னாசி என்பது நெருப்பைச் சொல்கிற வடிகட்டின லத்தீன் என்று தெரிந்த அன்றைக்கே தழல்முத்து என்று மாற்றிக்கொண்டவர். அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஊர்ச்சொல்லை எல்லாம் எழுதி, 'வந்த இடம்' என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, சாவி போர்த்துக்கல், மேசை போர்த்துக்கல், வாரிசு அரபு என்று நிரப்பி வைத்திருந்தார். ஒரு சொல்லாவது தானாக மூட்டை கட்டுகிறதே என்று அவருக்கு நிலைகொள்ளவில்லை. 'சாளரம்' என்று அச்சடித்த சீட்டை வீடு வீடாக ஒட்டினார். மிக்கேலம்மாவின் வீட்டிலும் ஒட்டினார்.

அவள் அதையும் முயன்று பார்த்தாள். "சாளரம் சொல்லு மக்கா. சா-ள-ரம்." சலேத்து சீட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டே "ஜன்னல்" என்றாள். அம்மா சொல்லு என்றால் ஜன்னல். தண்ணி சொல்லு என்றால் ஜன்னல், சட்டென்று வெட்டி. சொம்பை நீட்டினாள் மிக்கேலம்மா. பிள்ளை குடித்தது. பிள்ளை குடிக்கக் குடிக்க, தாய்க்கு அழுகை பொங்கியது.

சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பது நாலாம் நாள் தெரிந்தது. கஸ்பாரின் மனைவி லில்லியம்மாவுக்கு, மகளின் பிரசவத்துக்காக அவசரமாகத் தூத்துக்குடி போகவேண்டியிருந்தது. கொடியிறக்கத்துக்கு இருக்கமாட்டேன், என் பங்கை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாடியேறினாள். ஜனேலா கறுப்புப் பாவாடையின் மடியை விரித்துப் பிடித்தாள். லில்லியம்மா குனிந்து, அந்த மடிக்குள் "ஜன்னல்" என்று ஒருதரம் சொன்னாள். பூ உதிர்கிற சத்தம்கூட இல்லை. அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குக் காற்று வேண்டியிருந்தது. "தம்பி, அந்த... அந்த..." என்று கையைக் காட்டினாள். "ஜன்னலையாக்கா?" என்றான் கண்டக்டர். "என்னது?" என்றாள். அவன் மறுபடி சொன்னான். அவள் காதில் அது ஏதோ சத்தமாக விழுந்தது, தகரம் உரசின மாதிரி. தூத்துக்குடி போகும்வரை அவள் அழுதுகொண்டே போனதாக அதே பஸ்ஸில் போனவர்கள் வந்து சொன்னார்கள். அவளுக்கே ஏன் அழுகிறோம் என்று தெரியவில்லையாம்.

அந்தச் செய்தி குசினிக்கு வந்தபோது மிக்கேலம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். விரலையும் சேர்த்துத் துருவினாள். ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு அவள் முடிவெடுத்தாள்: பிள்ளையை இவர்கள் கண்ணிலேயே காட்டக்கூடாது.

அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட பிழைப்பு. கதவைப் பூட்டி, ஜன்னலையும் சாத்தி, பிள்ளையை உள்ளே வைத்து, எலிசம்மாவைக் காவலுக்கு விட்டாள். வெளிச்சம் வராத அறையில் சலேத்து சாத்தின பலகையைத் தட்டித் தட்டி, மெல்ல இரண்டு இரண்டு தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எலிசம்மா அதைச் சொன்னபோது மிக்கேலம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் திறக்கவில்லை. தெருவே அவள் பக்கம் நின்றது, அதையும் சொல்லவேண்டும். சாயங்காலம் ஜனேலா காலாற நடக்கிற நேரம், அவள் அந்தத் தெரு முனையில் திரும்பினால் போதும், குழாயடியில் ஒரு சண்டை கிளம்பும். "என் குடத்தை நகத்தினது எவ?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், "நகத்தினா என்னட்டி செய்வே?" என்று இன்னொருத்தி எடுப்பாள், ஏழு தலைமுறை இழுபடும். ஜனேலா தெருவைத் தாண்டியதும், இருவரும் ஒருத்தி குடத்தை ஒருத்தி தூக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளையின் சத்தம் ஒருநாள்கூட வெளியே கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஜனேலா குசினிக்கே இறங்கி வந்துவிட்டாள். மிக்கேலம்மா எல்லாருக்கும் பரிமாறி முடித்து, பானையின் அடியில் ஒரு பிடி சோற்றை அப்படியே விட்டு மூடினாள்.

"நான் பார்க்கிறேன், தினமும் மிச்சம் வைக்கிறாய். யாருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா. பானையை வழிச்சு எடுக்கக்கூடாது. வழிச்சா வீடு விளங்காது. ஒரு பிடி கிடந்தா, நாளைக்குத் தானா நிறையும்னு சொல்லுவாங்க."

"விருந்தாளி பசித்திருந்தாலுமா?"

"பசிச்சிருந்தா வேற உலை வைப்பேன். அந்த ஒரு பிடியைத் தொடமாட்டேன்," என்றாள் மிக்கேலம்மா. சொன்ன வேகம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஜனேலா மூடின பானையையும், துணி சுற்றிய அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

பத்தாம் நாள் கொடி இறங்கியது. சப்பரம் சுற்றி வந்து, வேட்டுப் போட்டு முடிந்ததும், ஊர் அப்படியே கடற்கரைக்குப் போனது. பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு என்னென்ன வைப்பார்களோ அத்தனையும் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள்: பூ, மஞ்சள், வாழைப்பழச் சீப்பு, ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ரெண்டு சேலை. படகு தயாராக நின்றது. ஜனேலா நாற்காலியில் உட்கார்ந்து மடியை விரித்தாள். பக்கத்தில் யானுவா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் மோத்தா பங்குக் குடும்பப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எத்தனை நாக்கு என்று வாசித்தார். "லூர்துராஜ் வீடு, அஞ்சு நாக்கு." ஐந்து பேரும் வந்து குனிந்து, ஒருதரம் சொல்லி, நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சிலர் சத்தமாகச் சொன்னார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு ஜன்னலுக்குக் கீழே வருஷக்கணக்கில் நின்ற கஸ்பார், தன் முறை வந்தபோது அதை மெதுவாக, மிட்டாயைச் சப்புகிற மாதிரி சொன்னார். தழல்முத்து வாத்தியார் பத்துநாளாக இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தவர், குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மூக்கைச் சிந்தினார். எலிசம்மா சொல்லிவிட்டு மிக்கேலம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பயப்படாதே என்று.

"மிக்கேலம்மா வீடு," என்றார் கஸ்பார். "ரெமிஜியுஸ் கப்பல்ல. அது போக, ரெண்டு நாக்கு."

மிக்கேலம்மா ஒரு விரலைக் காட்டினாள். "ஒண்ணு," என்றாள்.

"ரெண்டுன்னு போட்டிருக்கு."

"ஒண்ணுதான் மாமா."

"சலேத்து எங்க?"

ஊர் முழுக்க அங்கே நின்றது. குழாயடியில் அவள் குடத்தோடு பாய்ந்ததைப் பார்த்தவர்கள், அன்றைக்கு அவளைப் பிடித்து இழுத்தவர்கள், பூந்தி தின்றவர்கள். மிக்கேலம்மா எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்பிள்ளை ஊமை," என்றாள்.

கஸ்பார் பதிவேட்டை மூடினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழாயடியில் அன்று வாயெடுத்தவளே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சூசை உபதேசியார் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மிக்கேலம்மா மாதாவிடம் எத்தனை வருஷம் மன்னிப்புக் கேட்டாலும் தீராது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அவள் மடியருகே போய்க் குனிந்தபோது, ஜனேலா அவள் காதோரம், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பானையை வழித்தெடுக்கக்கூடாது என்று நீதானே சொன்னாய்."

மிக்கேலம்மா தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? யார் சொன்னார்கள்? கேட்க நேரமில்லை, பின்னால் இன்னும் எட்டு வீடு நின்றது. யானுவா அம்மாள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "யானுவா" என்றாள். போ, சீக்கிரம் வீட்டுக்குப் போ என்கிற தினுசில் இருந்தது அது. மிக்கேலம்மா தன் பங்கைச் சொன்னாள். மடி அதை வாங்கிக்கொண்டது.

படகு போயிற்று. அடுத்தடுத்த கரை ஊர்களுக்கும் போகப்போவதாக முன்பு சொன்னவர்கள், எங்கேயும் நிற்காமல் நேரே ஆழத்துக்குப் போய்விட்டார்கள். மடி நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

மிக்கேலம்மா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைக்காக ஒரு சொல்லை ஒளித்து வைத்தோமே, அது என்ன சொல்? நினைத்துப் பார்த்தாள். நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். வாயில் ஒரு பல் விழுந்த இடம் மாதிரி குழியாக இருந்தது. பிள்ளையிடம் சொல் இருக்கிறது, சரி. அதைக் கேட்கிற காது இந்த ஊரில் இனி யாருக்கு இருக்கிறது? லில்லியம்மாவுக்குத் தகரம் உரசின மாதிரி கேட்டதே, எனக்கும் அப்படித்தானே கேட்கும்? ஊரே மறந்துபோன ஒரு சத்தத்தைக் கையில் கொடுத்து, என் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டேனா? அடி பாவி, ஊமை ஊமை என்று ஊர் நடுவில் சொன்னாயே, இப்போது செவிடாகி வந்து நிற்கிறாயே! பேசாமல் பிள்ளையின் நாக்கிலிருந்ததையும் கொடுத்திருந்தால், இரண்டு பேரும் ஒன்றுமில்லாமல் ஒன்றாகவாவது இருந்திருப்போமே. பூட்டைத் திறக்க அவளால் முடியவில்லை. சாவி மூன்று தடவை கைநழுவி விழுந்தது.

உள்ளே இருட்டு. சுவரில் பலகைக் கதவு சாத்தின அந்த இடத்துக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சலேத்து. அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஒரு சத்தம் வந்தது. அந்நியச் சத்தம். மிக்கேலம்மா வாழ்நாளில் கேட்டிராத சத்தம். அதற்கு முகமில்லை, ஊரில்லை, பொருளில்லை. ஆனால் முன்பாதி நீண்டிருந்தது. பின்பாதியைப் பிள்ளை விழுங்கியிருந்தாள்.

"கடற்கரைக்குப் போயிருந்தேன் மக்கா," என்றாள் மிக்கேலம்மா. "வந்துட்டேன். இந்தா, வந்துட்டேன்."

அவள் சொல்லி முடித்தபிறகுதான், தான் பதில் சொல்லியிருப்பது அவளுக்கே தெரிந்தது. உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், வாய்விட்டு, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி. பிள்ளையின் வாயில் அந்தச் சொல் என்றைக்குச் சுவரில் இருக்கிற ஓட்டையைக் குறித்தது, இன்றைக்கு அம்மாவுக்கு அது மறந்துபோவதற்கு? அழுது முடித்து எழுந்து, பலகையைத் தட்டித் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது.

வேம்புத்துறை பிறகும் நன்றாகத்தான் இருந்தது. சுவரில் இருப்பதை 'வெளிச்சம் வார இடம்' என்றார்கள், சிலர் 'தொறப்பு' என்றார்கள். சாளரம் சீட்டில் மட்டும் இருந்தது, அடுத்த மழையில் சீட்டும் போயிற்று. தழல்முத்து வாத்தியாருக்கு அதில் ரொம்ப வருத்தம்.

மறு வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒளிந்த பிள்ளைகளை ஒரு பிள்ளை ஏதோ சொல்லிக் கூப்பிட்டது. ஒளிந்ததுகளும் அதையே திருப்பிச் சொல்லின, மெல்ல, இரண்டிரண்டு தடவை. வாத்தியாரின் காது விறைத்தது. எந்தப் பாஷை இது? சப்தத்தைப் பார்த்தால் கப்பலில் வந்தது போலிருக்கிறதே! நீள நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஏலே, என்ன சொல் அது? எங்க படிச்சீங்க?"

"சலேத்து சொல்லுவா சார். பக்கத்தில வான்னு அர்த்தம். நான் இங்கதான் இருக்கேன்னும் அர்த்தம். எங்க வீட்ல அம்மாவைக்கூட அப்படித்தான் கூப்பிடுதேன்."

"சலேத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. சலேத்தே வந்து வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஜன்னல்" என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, கூடவே நாலடி நடந்து, வேப்பமரத்து நிழலில் அவள் காட்டிய இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நோட்டை விரித்துச் சொல்லை எழுதினார். அகராதியெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். பிறகு, 'வந்த இடம்' என்கிற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்:

வேம்புத்துறை, மிக்கேலம்மா வீடு.